வெள்ளிக்கிழமை இரவில் தாடை வீக்கம்: திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா?

செம்பனைக்காடு (வெள்ளி, இரவு)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் அம்மாவுக்கு வயது 56. இன்னமும் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போய்வருகிறார். பல ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைசிக் கடைவாய்ப் பல் வெகுநாளாகச் சொத்தை. இந்த வாரத் தொடக்கத்தில் வலி கடுமையானபோது, கிராம்பைக் கடித்துக்கொண்டும் கன்னத்தில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டும் வேலைக்குப் போனார். நேற்று ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். அங்கே ஆண்டிபயாடிக் மாத்திரையும் போன்ஸ்டான் என்ற வலி மாத்திரையும் கொடுத்து, பல் டாக்டரிடம் நாள் வாங்கிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்கள்.

இன்று மாலையிலிருந்து வலி சற்றுக் குறைந்திருக்கிறது. ஆனால் வீக்கம் கன்னத்திலிருந்து இறங்கி, தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் பலகை போலக் கெட்டியாகவும் சூடாகவும் இருக்கிறது. வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. கஞ்சியை விழுங்கச் சிரமப்படுகிறார், பாதி வெளியே வழிந்துவிடுகிறது. பேச்சும் வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதைப் போல மாறியிருக்கிறது. காய்ச்சலும் அடிக்கிறது.

அரசாங்கப் பல் கிளினிக் இனித் திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும். பட்டணத்துத் தனியார் பல் கிளினிக்குகளும் இந்நேரம் மூடியிருக்கும். "பல்வலிக்காக யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? நாளைக் காலைப் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்க) போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்" என்கிறார் அம்மா. வீட்டிலேயே பல் பிடுங்கிவிடும் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றும், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் அழைத்துப்போகலாம் என்றும் என் தம்பி சொல்கிறான். வலி குறைந்திருப்பதால் திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கலாமா, அல்லது இப்போதே எங்காவது கொண்டுபோக வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பல்மருத்துவர்_பேராக்

சகோதரி, இன்றிரவே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமை வரை மட்டுமல்ல, நாளைக் காலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, மீதியைப் போகும் வழியில் படித்துக்கொள்ளுங்கள்.

வலி குறைந்ததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலும்புக்குள் அடைபட்டிருக்கும்வரை சீழ் அழுத்தத்தால் வலியைக் கொடுக்கும். எலும்பைத் துளைத்துச் சதைக்குள் இறங்கியதும் அழுத்தம் தணிந்து வலி குறையும், வீக்கம் பரவும். உங்கள் அம்மாவுக்கு நடந்திருப்பது அதுவே என்று நீங்கள் எழுதியதிலிருந்து தோன்றுகிறது. கீழ்வரிசையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. வாயின் அடித்தளத்தைத் தாங்கி நிற்கும் தசை, தாடையெலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கோட்டுக்கும் கீழே அந்தப் பற்களின் வேர்நுனிகள் இறங்கியிருக்கின்றன. ஆகவே அங்கிருந்து வெளியேறும் சீழ் வாய்க்குள் கொப்புளமாக உடையாமல், தாடைக்கு அடியிலுள்ள இடைவெளியில் தேங்கி, கழுத்தை நோக்கி வழி தேடுகிறது. அது மறுபக்கத்துக்கும் நாவின் அடிப்பகுதிக்கும் பரவினால் நாக்கு மேலெழும்பிப் பின்னால் தள்ளப்படும், மூச்சுக்குழாய் அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்ததால் இந்த நிலை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆண்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்தில் இதற்கு ஆளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள் என்றால், நேரத்தோடு வந்து சேர்வதே அதற்கு முதற்காரணம்.

இப்போதே மூன்றைக் கவனியுங்கள். நாக்குக்கு அடியில் தடித்து, நாக்கு மேலே தூக்கியிருக்கிறதா? தன் எச்சிலையே விழுங்க முடியாமல் வழியவிடுகிறாரா? படுத்தால் மூச்சுத் திணறி, முன்பக்கம் சாய்ந்து உட்காரவே விரும்புகிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள், அவரைப் படுக்க வைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடமென்றால், எது அருகிலோ அந்த அவசரப் பிரிவுக்கு, அதாவது சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கே, கொண்டுபோய்விடுங்கள். அங்கே மூச்சுக்கு வேண்டியதைச் செய்து, அவர்களே மேலிடத்துக்கு அனுப்புவார்கள். மூச்சு சீராக இருந்து கையில் வண்டியும் இருந்தால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு நேராகச் செல்வது நல்லது. சுமார் 30 கிலோமீட்டர்தான், வாய் மற்றும் முக அறுவைப் பிரிவும் அங்கே இருக்கிறது.

நேற்றுக் கொடுத்த மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்று நினைப்பீர்கள். சீழ் தேங்கிய பைக்குள் இரத்த ஓட்டம் கிடையாது, ஆகவே மருந்தும் போதிய அளவில் அங்கே போய்ச் சேராது. சீழை வெளியேற்றி, மூலமாகிய பல்லைப் பிடுங்கவோ அதன் வேர்க்குழாயைச் சுத்தம் செய்யவோ வேண்டும். ஆண்டிபயாடிக் அதற்குத் துணைதான். இனிப்புநீர் உள்ளவரின் உடல் கிருமியோடு போராடும் ஆற்றல் குறைந்தது, கிருமித்தொற்றோ இனிப்பின் அளவை மேலும் ஏற்றிவிடும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதால்தான் நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வீக்கத்துக்குச் சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். மயக்கம் கொடுத்து அறுவை செய்ய வேண்டியிருக்கலாம் என்பதால் வழியில் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். ஆனால் கடைசியாக எப்போது சாப்பிட்டார், இனிப்புநீர் மாத்திரையை எப்போது போட்டார் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வழியில் நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டால் அது இனிப்பு இறங்குவதன் அறிகுறி. அவரால் விழுங்க முடிந்தால் மட்டும் சிறிது இனிப்பு நீர்மம் கொடுத்துவிட்டு, அதையும் அங்கே சொல்லுங்கள்.

முன்னாள்_டிரெஸர்

அம்மாடி, டாக்டர் சொன்னதற்கு மேல் மருத்துவம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், போகும் வழியைப் பற்றிச் சிலவற்றைச் சொல்கிறேன்.

பதிவு முகப்பில் மலாயில் "சாக்கிட் கிகி" (பல்வலி) என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். அவசரப் பிரிவில் வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். வெறும் பல்வலி என்று கேட்டால் பச்சையில் போட்டுவிடக்கூடும், அங்கே விடிய விடியக் காத்திருக்க நேரலாம். "முக்கா டான் லேஹேர் பெங்காக், சூசா தெலான், தாக் போலே புக்கா முலுட், அடா கென்சிங் மானிஸ்" என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். முகமும் கழுத்தும் வீங்கியிருக்கிறது, விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, இனிப்புநீர் உண்டு என்ற நான்கையும் கேட்டால் அவர்களே எழுந்து வந்து பார்ப்பார்கள். காத்திருக்கும்போது மூச்சோ பேச்சோ மாறினால், வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே தாதியிடம் போய்ச் சொல்லுங்கள்.

மைகாட் (அடையாள அட்டை), இனிப்புநீர் சிகிச்சைப் புத்தகம், வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகள், நேற்று வாங்கிய மாத்திரைப் பட்டை ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தாவது முன்பு அரிப்போ தடிப்போ கொடுத்திருந்தால், அதன் பெயரைத் தாளில் எழுதி வையுங்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி. ஆகவே பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். வண்டி கிடைக்கவில்லையென்றால் கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இந்த மாதிரி இரவுகளில் தோட்டத்து வண்டியைக் கேட்பதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

பிரட்டைப் பற்றி உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு அவருக்கு உண்டு. ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு 22 நாள். பதிவு பெற்ற பல் மருத்துவர் கொடுக்கும் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சான்றும்) அந்தச் சட்டத்தில் செல்லும். பல்லுக்காக விடுப்பு எடுக்க முடியாது என்று நம்பி, முகம் வீங்கியபடி பால்மரம் (ரப்பர்) சீவப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கன்னத்துக்குள் புகையிலையை அடக்கிக்கொண்டு போவார்கள். அந்த இடத்துச் சதை வெந்து வெள்ளையாகிக் கிடக்கும், அதற்குக் கீழே சீழ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கம்பார்_வாசி

உங்கள் தம்பி சொன்ன அந்த ஆளிடம் தயவுசெய்து போகாதீர்கள். பதிவு பெறாதவர் பல் சிகிச்சை செய்வது இந்நாட்டில் குற்றம். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்படி, பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ ஆறாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை அடைந்துவிடுவதால், மரத்துப்போகும் ஊசி அங்கே சரியாக வேலை செய்யாது. வாய் திறக்காதவரின் பல்லை நெம்பிப் பிடுங்க முயன்று, பாதி வேரை உள்ளேயே உடைத்துவிட்டால் அதன் பிறகு யார் பொறுப்பு? ஒருவர் உண்மையான பல் மருத்துவர்தானா என்று அறிய, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

செம்பனைக்காடு (ஞாயிறு, மாலை)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டரின் முதல் வரியைப் படித்தவுடனேயே தம்பி அடுத்த லயத்து வீடுகளுக்கு ஓடிப்போய் வண்டி கேட்டான். ஈப்போவுக்குப் போகும் வழியில் செம்மோரைத் தாண்டும்போதே அம்மா கைக்குட்டையை வாயில் வைத்து எச்சிலைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். பதிவு முகப்பில் டிரெஸர் ஐயா எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தேன். உட்காரவே விடாமல் மஞ்சள் பிரிவுக்குள் அழைத்துப்போனார்கள். இரத்தத்தில் இனிப்பு அளவு 19 மில்லிமோலுக்கு மேல் இருந்தது. இரவெல்லாம் நரம்பு வழியாக மருந்து ஏற்றி, மறுநாள் அறுவைக் கூடத்தில் தாடைக்கு அடியில் சிறிதாகக் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லையும் எடுத்துவிட்டார்கள். கீறிய இடத்தில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்கள். மிச்சமிருப்பது அதன் வழியாக வடிய வேண்டுமாம். இன்று காலை மைலோ கேட்டுக் குடித்தார், பேச்சும் பழையபடி தெளிந்திருக்கிறது.

டாக்டர், இரண்டு கேள்விகள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? இன்னொன்று, எங்கள் லயத்தில் எல்லோரும் இப்போது இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பல் விஷயத்தில் எது திங்கட்கிழமைக்குக் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று நீங்கள் எழுதினால் அச்செடுத்துக் கோயில் மண்டபத்தில் ஒட்டிவைப்போம்.

பல்மருத்துவர்_பேராக்

படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. வீடு திரும்பிய பிறகு மருந்தை நாள் முடியும்வரை விடாமல் கொடுங்கள், இனிப்பின் அளவைத் தவறாமல் பாருங்கள். வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழகச் சொல்லுங்கள். மூன்று விரல்கள் செங்குத்தாக நுழையும் அளவு திறப்பது இயல்பான நிலை. மீண்டும் காய்ச்சலோ வீக்கமோ விழுங்குவதில் சிரமமோ வந்தால், மறுபரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே திரும்பிப் போங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முகத்தில் பரவும் வீக்கம், காய்ச்சலோடு கூடிய வீக்கம், வாய் திறக்காமை, விழுங்கச் சிரமம், கண்ணை மூடவைக்கும் அளவுக்கு மேல்கன்னம் வீங்குதல், அடிபட்டுத் தாடை கோணியிருத்தல், அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம் ஆகிய எல்லாம் மருத்துவமனைக்கு உரியவை, இரவா பகலா என்று பார்க்கக்கூடாது. பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் வந்தால், வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருக்காமல், சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து அரை மணி நேரம் இறுகக் கடிக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் கலைந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வீக்கமில்லாத பல்வலி, அது தூங்கவிடாத வலியாகவே இருந்தாலும், மறுநாளோ திங்கட்கிழமையோ வரை பொறுக்கும். அரசாங்கப் பல் கிளினிக்கில் சாதாரணச் சிகிச்சைக்கு முன்பதிவு வேண்டும், ஆனால் வலியோடு வருபவர்களை அன்றே பார்ப்பார்கள். திறக்கும் நேரத்துக்கே போய், வலி என்று சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். அதுவரை பெரியவர்கள் 500 மில்லிகிராம் பனடோல் (பாராசிட்டமால்) இரண்டை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போடலாம், ஒரு நாளில் எட்டு மாத்திரையைத் தாண்டக்கூடாது. போன்ஸ்டானும் இபுபுரோபெனும் ஒரே குடும்பத்து மருந்துகள், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் இரண்டையுமே தவிர்க்க வேண்டும். டெங்கி இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போதும் இவ்விரண்டும் ஆஸ்பிரினும் கூடாது. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது வலியைத் தணிக்காது, சதையைத்தான் பொசுக்கும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி தொட்டுச் சொத்தைக்குள் வைப்பது சற்று நேரம் கைகொடுக்கும். ஈறில் ஊற்றினால் அதுவும் புண்ணாக்கும். அடைத்த சிமெண்டு விழுந்துவிட்டது, பல்லின் ஓரம் உடைந்தது என்பவை வலி இல்லாதவரை வார நாளுக்குக் காத்திருக்கும்.

மணிக்கணக்கு அல்ல, நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. விளையாட்டிலோ மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ நிரந்தரப் பல் வேரோடு வெளியே வந்துவிடுவது. அந்தப் பல்லைத் திரும்பப் பொருத்த முடியும் என்பதே பலருக்குத் தெரியாமல், மண்ணில் கிடந்த பல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு மாலையில் வருகிறார்கள், அல்லது பிள்ளை மட்டும் வருகிறான், பல் வருவதில்லை. வேரின் மேல் மெல்லிய தோல்போல ஒட்டியிருக்கும் உயிரணுக்கள்தான் பல்லை எலும்போடு மீண்டும் பிணைக்கின்றன. உலர்ந்தால் அவை வேகமாகச் சாகும், ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்த பல்லில் அவை அநேகமாக மிஞ்சுவதில்லை. ஆகவே பல்லை அதன் வெண்மையான தலைப்பகுதியைப் பிடித்தே எடுங்கள், வேரைத் தொடவும் தேய்க்கவும் கூடாது. மண் ஒட்டியிருந்தால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரிலோ பாலிலோ பத்து விநாடிக்கு மிகாமல் அலசி, பிள்ளை நினைவோடும் ஒத்துழைக்கும் நிலையிலும் இருந்தால் அங்கேயே குழியில் திரும்பச் செருகி, துணியைக் கடிக்கச் சொல்லிப் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். செருக முடியவில்லையென்றால் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். பல் மருத்துவர் அதைப் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் போலக் கட்டிவைப்பார். பால் பல் விழுந்தால் மட்டும் திரும்பச் செருகவே கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல்லின் முளையைக் குத்திவிடும். தலையில் அடிபட்டு மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை மறந்துவிட்டு முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தமிழ்ப்பள்ளி_ஆசிரியை

டாக்டர், இதை எங்கள் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு முன் எல்லா ஆசிரியர்களுக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிட்டேன். எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் அரசாங்கப் பல் குழு வந்து பிள்ளைகளின் வாயைப் பார்த்துவிட்டுப் போகிறது. ஆனால் திடலில் பல் விழுந்தால் என்ன செய்வது என்று எங்களில் யாரும் இதுவரை கேட்டதில்லை. ஒரே ஓர் ஐயம்: சிற்றுண்டிச்சாலையில் எப்போதும் இருப்பது தேத்தண்ணிக்குப் போடும் டின் பால்தான். அது உதவுமா?

பல்மருத்துவர்_பேராக்

டின் பால் வேண்டாம், ஆசிரியை. அதிலுள்ள சர்க்கரையின் செறிவு அந்த உயிரணுக்களிலிருந்து நீரை உறிஞ்சிக் கொன்றுவிடும். எதுவும் கலக்காத பாக்கெட் பால் ஒன்றை முதலுதவிப் பெட்டியோடு வைத்திருங்கள். நீண்ட நாள் கெடாத வகையே போதும், காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்லேட் சுவையூட்டியது வேண்டாம். அதுவும் கைக்கு எட்டவில்லையென்றால், அந்தப் பிள்ளையையே ஒரு சிறு கிண்ணத்தில் எச்சிலைத் துப்பச் சொல்லி, பல் மூழ்கும்படி அதில் போட்டுக் கொண்டுபோங்கள்.